ஒருவாட்டி தொறந்து பூட்டிடறேன்

நான் வண்டியை எடுத்தால் அவர் பின்னால் ஓடி வருவார். பின் சீட்டுக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, சக்கரத்துப் பக்கமே காதை வைத்தபடி தெருமுனை வரை வருவார். வீட்டுக்கு வீடு தறி இருக்கும் பிள்ளையார்பாளையத்தில் அப்படி ஓடுவது லேசுப்பட்ட காரியமில்லை. ஒரு வாசலில் தறிக்கான பாவு நூலை நீட்டிப் பிடித்து அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருப்பார்கள். அடுத்த வாசலில் சாயம் தோய்த்த பட்டு காயும். இதற்கு நடுவே நரைத்த தலையும் கிரீஸ் லுங்கியுமாக ஒருவர் மோட்டார் சைக்கிளைத் துரத்திக்கொண்டு ஓடினால் யார்தான் சும்மா இருப்பார்கள்? "இன்னாண்ணா, டாக்டருக்கு சைக்கிள் கத்துக் குடுக்கிறியா?" என்று பெண்கள் கேட்பார்கள். அவருக்குக் காதில் விழாது. அவர் காது முழுக்க என் வண்டிச் செயினில் இருக்கும்.

அவர் மெக்கானிக். நான் கால்நடை மருத்துவர், ஊர்ப் பேச்சில் மாட்டு டாக்டர். சரிசெய்த வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டியவர் அவர்தான். ஆனால் அவர் வண்டி ஓட்டமாட்டார். யார் பின்னாலும் உட்காரவும் மாட்டார். எங்கே போனாலும் நடை, இல்லாவிட்டால் பஸ். மனிதன் பிரித்துக் கோத்த எந்த வண்டியின் மேலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. தன் கை பட்ட வண்டி என்றால் சுத்தமாகக் கிடையாது. அதனால்தான் வண்டிக்காரரையே ஓட்டவிட்டுப் பின்னால் ஓடினார்.

"முடிந்தது" என்ற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. "ரெடியாண்ணா?" என்றால், "இப்போதிக்கு இருக்குதுமா" என்பார். அந்த "இப்போதிக்கு"தான் அவருடைய முத்திரை. இன்னொரு வாசகமும் உண்டு. வண்டி கிளம்பத் தயாராகி, சாவியும் என் கைக்கு வந்த பிறகு, "இரு இரு, ஒருவாட்டி தொறந்து பூட்டிடறேன்" என்று மறுபடியும் ஸ்பானரை எடுப்பார். முறுக்கின நட்டைக் கழற்றிப் பார்த்து, திரும்ப முறுக்குவார். அவசரக்காரர்கள் யாரும் அவரிடம் போவதில்லை.

அவருடைய பட்டறை முன்பு தறிக்கூடமாக இருந்தது. தறியை எடுத்துக்கொண்டு போனவர்கள் குழியை மூடாமல் விட்டுவிட்டார்கள். நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் குழி அது. இவர் அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொள்வார். வண்டியின் அடிவயிறு சரியாக அவர் கண்ணுக்கு நேரே வரும். ஊரில் வேறு எந்த மெக்கானிக்குக்கும் இந்த வசதி கிடையாது. இன்று அந்த இடத்தில் கூரியர் ஆபீஸ் இருக்கிறது, குழிமேல் டைல்ஸ் போட்டுவிட்டார்கள். அவர் ஆரணியில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று கேள்வி.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் உயரம். கல்லூரியில் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுதமாட்டேன். எனக்கு வேலை கூரத்தைத் தாண்டிய கிராமம் ஒன்றில். மழைக்காலத்தில் ஏரிக்கரைச் சேற்றில் ஸ்கூட்டர் சக்கரம் புதைந்து நின்றுவிடும். கன்று சிக்கிக்கொண்ட மாடு எனக்காகக் காத்திருக்காது. அதனால் என்னோடு வேலை பார்த்தவர் மாற்றலாகிப் போகும்போது அவருடைய பெரிய பைக்கை வாங்கிக்கொண்டேன். ஓடும்போது ராணி மாதிரி இருந்தது. நின்றால்தான் சங்கடம். ஒரு பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கத்துக் கட்டைவிரல் மட்டும் தரையைத் தொடும், இன்னொரு கால் அந்தரத்தில் தொங்கும்.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துச் சிக்னலில் நின்றபோது கட்டைவிரலுக்குக் கீழே சின்னப் பள்ளம். அவ்வளவுதான். மெதுவாக, எல்லோரும் பார்த்து முடிக்கும் அளவுக்கு மெதுவாகச் சாய்ந்து, ஒரு பூக்கார அம்மாவின் கூடைமேல் விழுந்தேன். வெளியூர்க்காரர்களைப் பட்டுக்கடைக்கு இழுத்துப் போகிற புரோக்கர்கள் ஓடி வந்து தூக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வருவதற்குள் சேதி அப்பாவுக்குப் போய்விட்டது. தறியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இன்னொருவாட்டி உழுந்த, வண்டிய வித்துடுவேன் பாப்பா. அப்பறம் கேக்காத." அப்பா சொன்னால் செய்கிற ஆள்.

சீட்டு ஸ்பாஞ்சை ஏற்கெனவே வெட்டிப் பார்த்தாயிற்று. இனி வண்டியையே தாழ்த்தினால்தான் உண்டு. பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங்குக்குக் கீழே இரண்டு பட்டைத் தகடுகள் இருக்கும். அவற்றை எடுத்துவிட்டு அதைவிடக் கொஞ்சம் நீளமான தகடுகளைப் போட்டால் பின்பக்கம் இறங்கும். லோயரிங் கிட் என்று பெயர். ஆன்லைனில் வரவழைத்து, அட்டைப் பெட்டியோடு கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். பெட்டியைப் பிரித்துத் தகடுகளைக் கையில் எடை பார்த்தார். மறுநாள் வரச் சொன்னார். மறுநாளும் மறுநாள் வரச் சொன்னார். நடுவில் போன் வந்துகொண்டே இருந்தது.

"டாக்டரம்மா, பின்னாடி எறங்குச்சுன்னா முன்னாடி தூக்கும். லைட்டு ரோட்டுல அடிக்காது, மரத்துல அடிக்கும்."

"முன்னாடியும் கொஞ்சம் எறக்கிடுங்கண்ணா."

"எறக்கலாம். அப்பறம் சைடு ஸ்டாண்டு இருக்குதே. அது பழைய நீளம். வண்டி சாயாம நட்டுக்கினு நிக்கும். காத்தடிச்சா அந்தப் பக்கம் உழுந்துடும்."

"வெட்டி ஒட்ட வெச்சிடுங்க."

"வெக்கலாம். ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டும். பின்னாடி கனமா ஆள் ஒக்காந்தா டயரு மட்கார்டுல ஒரசும். நீங்க யாரையும் ஏத்தாதீங்க."

"ஏத்தலண்ணா."

பிறகு, "வேற எதனா இருக்கும், யோசிச்சு சொல்றேன்" என்று வைத்துவிட்டார். நான் ஆட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருப்பேன், அவர் புதிதாக ஒரு ஆபத்தைக் கண்டுபிடித்துக் கூப்பிடுவார். அவர் சொன்னதெல்லாம் சரி.

கடைசியில் வேலையில் இறங்கினார். முதல் நாள் மாலை லைட்டைப் போட்டு, எதிர்வீட்டுச் சுவரில் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டார். புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர். அந்த வீட்டுக்காரர் திட்டினார், இவர் சிரித்து வைத்தார். மறுநாள் குழிக்கு மேலே வண்டியை நிறுத்தி, தறிக்கூடத்து உத்தரத்திலிருந்து கயிறு கட்டிப் பின்பக்கத்தைத் தொங்கவிட்டார். பழைய தகடுகள் நிமிஷத்தில் வந்துவிட்டன. புதியவற்றை மாட்டத்தான் பகல் முழுக்க ஆயிற்று. மாட்டுவார், முறுக்குவார், கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார், கழற்றுவார். நான் லீவு போட்டுவிட்டு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஏன்தான் வந்து உட்கார்ந்தோம் என்று ஆகிவிட்டது.

எல்லாம் முடிந்ததும் பலகையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். சிவப்பு நகப்பூச்சு. நட்டின் மேலிருந்து தகடு வரைக்கும் ஒரே இழுப்பில் மெல்லிய கோடு ஒன்று போட்டார். நட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்துவிடும், பார்த்தால் தெரிந்துபோகும். நெல்லுக்காரத் தெரு ஃபேன்ஸி ஸ்டோரில் அவர் நகப்பூச்சு கேட்டால், "வீட்டுக்கா வண்டிக்காண்ணா?" என்றுதான் எடுப்பார்களாம். அன்று நான் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தன. சந்தோஷத்தில் இறங்கி, மறுபடி ஏறி உட்கார்ந்து பார்த்தேன். அவர் என் கால்களைப் பார்க்கவே இல்லை. கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அவர் எங்கள் வீட்டுக்கே வர ஆரம்பித்தார். விடிந்து அப்பா தறியில் உட்காரும் நேரத்துக்கு வாசலில் குந்தி, என் வண்டிக்குக் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். கோடு அப்படியே இருக்கும். போகவேண்டியதுதானே? போகமாட்டார். "வந்ததுக்கு ஒருவாட்டி தொறந்து பூட்டிடறேன்" என்று ஸ்பானரை எடுத்துவிடுவார். பழைய கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதுக் கோடு போடுவார். பக்கத்து வீட்டு அத்தை, "பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்ளோ வாட்டி வரமாட்டாங்கடி" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் அப்பாவும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள். தன்னைப் போலவே பயப்படுகிற ஓர் ஆள் கிடைத்ததில் அப்பாவுக்கு ஏகக் குஷி. இரண்டு பேரும் காபி குடித்துக்கொண்டே என் வண்டிக்கு என்னவெல்லாம் ஆகலாம் என்று பேசுவார்கள். அவர் போனதும் அப்பா என்னிடம் வருவார். "பூட்டுனவனே பயந்துக்கினு கெடக்குறான். நீ இன்னா தைரியத்துல ஓட்டுற?" ஏரிக்கரையில் போகும்போது சின்னச் சத்தம் கேட்டாலும் நிறுத்திக் குனிந்து பார்க்க ஆரம்பித்தேன். இந்த மனுஷன் நட்டை முறுக்கி முறுக்கி என் தைரியத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறார் என்று கோபம் வந்தது.

ஒருநாள் கேட்டே விட்டேன். "ஏண்ணா இப்படிப் பயப்படுறீங்க? முன்னாடி எதனா ஆயிடுச்சா? யாருக்காவது அடிபட்டுச்சா?"

ஸ்பானரைத் துணியில் துடைத்துக்கொண்டே யோசித்தார். "இல்லமா. நான் பூட்டுன வண்டிங்க எதுக்கும் இதுவரைக்கும் ஒண்ணும் ஆவல."

"அப்பறம் இன்னா?"

"ஒண்ணும் ஆவலயே. அதாம்மா பயமா இருக்குது."

ஆயுத பூஜை வந்தது. அவர் மகள் வீட்டுக்கு ஆரணி போயிருந்தார். எங்கள் வீட்டில் பொட்டு வைக்காத இரும்பு அன்றைக்கு இருக்காது. அப்பா தறியைத் துடைத்து, நூல் ஓட்டும் நாடாவுக்கும் அச்சுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, என் வண்டியை அவரே கழுவினார். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று குனிந்து குனிந்து கண்ணுக்குத் தெரிந்த நட்டுக்கெல்லாம் பொட்டு வைத்தார். பின்பக்கத் தகட்டு நட்டுக்குத் தாராளமாகவே வைத்தார். வைத்த பொட்டை நாங்கள் அழிப்பதில்லை, தானாகப் போனால்தான் உண்டு. அடுத்த சில நாட்களும் காலையில் வழக்கம்போலக் குனிந்து பார்த்தேன். சிவப்பாக இருந்தது. சரி என்று கிளம்பினேன்.

அப்படி ஒருநாள் கூரத்தில் ஒரு கிடேரிக்குத் தலைப்பிரசவம். கன்று தலை திரும்பிக் கிடந்தது. தோள் வரைக்கும் கையைவிட்டுத் திருப்பி எடுத்தேன், தாயும் கன்றும் பிழைத்தன. கை வலித்தாலும் மனசு லேசாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஊரைத் தாண்டியதும் பின்னால் டக் டக் என்று ஒரு சத்தம். மெக்கானிக் ஏற்றிவிட்ட பிரமை என்று நினைத்தேன். அடுத்த பள்ளத்தில் வண்டியின் பின்பக்கம் மாடு இடுப்பை ஆட்டுவது போல ஆடியது. பிரேக்கை மெல்லப் பிடித்தேன். வண்டி நின்றது. இரண்டு காலும் தரையில் பட்டன. பழைய உயரமாக இருந்திருந்தால் அந்த ஆட்டத்தில் என்னால் வண்டியைத் தாங்கியிருக்க முடியாது.

இறங்கிப் பார்த்தேன். நட்டைக் காணோம். போல்ட் பாதி வெளியே வந்து ஒரு பக்கத்துத் தகடு தொங்கிக்கொண்டிருந்தது. மற்றத் தகடு ஒன்றுதான் தாங்கிக்கொண்டிருந்தது. மரத்தடியில் உட்கார்ந்து மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். அன்று காலைதான் ஆரணியிலிருந்து வந்திருந்தார். சொன்னதைக் கேட்டுக்கொண்டார். "எங்கயும் நவுறாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

ஷேர் ஆட்டோவில் வந்து, கூட்டுரோட்டில் இறங்கி, பையும் குடையுமாக வேகுவேகென்று நடந்து வந்தார். முதலில் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். அப்புறம்தான் வண்டிக்குக் குனிந்தார்.

"இது இன்னாது, செவப்பா?"

"அப்பா வெச்ச பொட்டு. பூஜைக்கு."

அந்தச் சிவப்புக்குள் கோடு உடைந்ததே தெரியாமல் போயிருந்தது. அவர் எழுந்து, நான் வந்த வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நட்டைத் தேடுகிறார். நானும் இன்னொரு ஓரத்தில் தேடிக்கொண்டு போனேன். ஆடு மேய்த்தவர் ஒருவர் கம்மல் விழுந்துவிட்டதா என்று கேட்டார். நட்டு என்றதும், கடையில் விற்குமே என்று சிரித்தார். இவர் நிமிரவே இல்லை. ஒரு பள்ளத்தின் ஓரத்தில் அது கிடந்தது. எடுத்து ஊதி, சுண்டுவிரலை உள்ளே விட்டுச் சுற்றினார்.

"உள்ள நைலான் வளையம் இருக்கும்மா. அதுதான் போல்ட்டு மரைய கவ்விப் புடிக்கும். தொறந்து தொறந்து பூட்டுனா தேஞ்சிடும்." நட்டை என் உள்ளங்கையில் வைத்தார். "பாருங்க. மொழுக்குனு கீது."

நானும் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தேன்.

"தேச்சது நான்தான்" என்றார்.

பையிலிருந்து புது நட்டு ஒன்றை எடுத்தார். ஆட்டுக்காரரும் நானும் வண்டியைத் தூக்கிப் பிடித்தோம். தகட்டைப் பொருத்தி, போல்ட்டைத் தட்டி, முறுக்கினார். ஒரே தடவைதான். ஸ்பானரைப் பைக்குள் போட்டார். நான் காத்திருந்தேன். "ஒருவாட்டி தொறந்து" என்று வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "போலாம்மா. நானும் வரேன்" என்று பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். யாரையும் ஏற்றாதே என்று எனக்குச் சொன்ன மனுஷன். மெதுவாகத்தான் ஓட்டினேன். கண்ணாடியில் பார்த்தபோது வயலை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். டயர் எங்கும் உரசவில்லை.

வீட்டு வாசலில் இறங்கி அவரே அப்பாவிடம் சொன்னார், நட்டு விழுந்தது, மாற்றிவிட்டேன், இனிமேல் ஒன்றும் ஆகாது என்று. வண்டி போயிற்று என்றுதான் நினைத்தேன். அப்பா வண்டியைப் பார்த்தார், பொட்டுகளைப் பார்த்தார், தறிக்குத் திரும்பிப் போய்விட்டார். விற்பது பற்றிப் பிறகு வாயே திறக்கவில்லை.

அந்த நாளிலிருந்து அவர் மாறிப்போனார். பயந்துகொண்டே இருந்தது நடந்துவிட்டது, நானும் பிழைத்துக்கொண்டேன், இனி பயப்பட என்ன இருக்கிறது என்று ஆகிவிட்டதோ என்னவோ. சொன்ன நேரத்தில் வண்டிகளைக் கொடுத்தார். காலையில் வீட்டுக்கு வரவில்லை. கோடு போடவில்லை. முறுக்கியதைத் திறக்கவில்லை. பட்டறையில் கூட்டம் சேர்ந்தது. "மெக்கானிக்கே ஒண்ணுமில்லன்றாரு" என்று அப்பாவும் நிம்மதியாகிவிட்டார். ஊரில் எல்லோருக்கும் பயம் போய்விட்டது, என்னைத் தவிர.

நான் நெல்லுக்காரத் தெருவுக்குப் போய் நகப்பூச்சு வாங்கினேன். வாழ்நாளில் நகத்துக்குப் போட்டதில்லை. காலையில் ஒருமுறை குனிவேன், கூரத்தில் ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை. முன்பு எனக்காகப் பயப்பட ஓர் ஆள் இருந்தார், அதனால் கோபப்பட்டுக்கொண்டாவது ஓட்ட முடிந்தது. இப்போது மொத்தப் பயத்தையும் நான் ஒருத்தியே சுமக்க வேண்டியிருந்தது.

மழைக்கு முன்னால் ஒருநாள் செயின் மாற்றக் கொடுத்திருந்தேன். தகட்டையும் கழற்றிக் கிரீஸ் வைத்து, நான் போனபோது புது நட்டு மாட்டிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டே, "முடிஞ்சிடுச்சுமா, எடுத்துக்கினு போங்க" என்றார். முடிஞ்சிடுச்சு. எனக்குத் திக்கென்றது. வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு கை கழுவிக்கொண்டிருந்தார். பத்தடி போயிருப்பேன். இரண்டு காலையும் ஊன்றி நின்றேன், திருப்பிக்கொண்டு வந்தேன்.

"அண்ணா, ஒரு கோடு போட்டுடுங்க."

"அதெல்லாம் எதுக்குமா இப்போ? ஒண்ணும் ஆவாது."

"எனக்காகப் போடுங்க."

பலகையிலிருந்த குப்பியை எடுத்துத் திறந்தார். காய்ந்து கட்டியாகியிருந்தது. நான் என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கிப் பார்த்துவிட்டு, என் முகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார். வண்டியைக் குழிப் பக்கம் தள்ளி நிறுத்திவிட்டு இறங்கி உட்கார்ந்தார். நட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோன கை அப்படியே நின்றது.

"நான் இத நல்லா பூட்டுனேன் இல்லமா?"

"பூட்டினீங்க. பார்த்தேன்."

கோடு கோணலாக விழுந்தது. நான் செய்தது அவருக்கு நல்லதா கெட்டதா, இன்றைக்கும் தெரியாது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வண்டியை எடுத்தேன். நாலு வீடு தாண்டிக் கண்ணாடியில் பார்த்தேன். லுங்கியைக்கூட மடித்துக் கட்டாமல், தலையைச் சாய்த்துக்கொண்டு, காயப்போட்ட பட்டுக்கு நடுவே புகுந்து ஓடி வந்துகொண்டிருந்தார். தெருமுனையில் நிறுத்தி, இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு, அவர் வந்து சேரும்வரை காத்திருந்தேன்.